கல்முனைத் தம்பிக்கு: லெட்டராவா, பேபியா, எஸ்.எம். 9ஆ?

கல்முனையில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாவித்த போர்ட்டபிள் ரைப்ரைட்டர் மூன்று அவருக்கு விலைக்கு வந்திருக்கின்றன: ஒலிவெட்டி லெட்டரா 32, ஹேர்மஸ் பேபி, ஒலிம்பியா எஸ்.எம். 9. மூன்றும் ஆங்கில எழுத்து. கிழமை நாட்களில் கல்முனையில் அறை, சனி ஞாயிறு மட்டக்களப்பில் வீடு. பொறி அவரோடு பஸ்ஸில் போய்வர வேண்டும். கதையும் கடிதமும் எழுதத்தான் கேட்கிறார், அலுவலக வேலைக்கில்லை. போகப்போக ஒரு தமிழ்ப் பொறியும் வாங்க ஆசையாம். எதை எடுப்பது, எதைப் பார்த்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன பாவனைக்கு லெட்டரா 32. மேசையை விட்டு அசையாத பொறி என்றால் எஸ்.எம். 9ஐத்தான் எடுக்கச் சொல்வேன். அடிக்கிற சுகத்தில் மற்ற இரண்டும் அதற்குக் கிட்ட வராது. பேபி மூன்றாவது. ஆனால் மூன்றும் ஒரே அளவு நல்ல நிலையில் இருந்தால்தான் இந்த வரிசை நிற்கும். கடற்கரையில் கிடந்து உப்புத் தின்ற லெட்டராவை விட, அலுமாரிக்குள் உலர்ந்த இடத்தில் இருந்த பேபி எவ்வளவோ மேல். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் ரைப்ரைட்டர் வாங்குகிறவர் முன்பக்கப் பெயரைப் பார்க்கும் முன் பொறியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்த உப்புக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஷிப்ட்.

நிறம், வடிவு, எந்த நாட்டில் செய்தது என்பதையெல்லாம் விட, ஒரு போர்ட்டபிளை இன்னொன்றிலிருந்து பிரிக்கிற பெரிய விஷயம் ஷிப்ட்தான். ஒவ்வோர் எழுத்துக் கம்பியின் நுனியிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு எழுத்து இருக்கும். சும்மா அடித்தால் சிறிய எழுத்து தாளில் படும். ஷிப்டை அழுத்திக்கொண்டு அடித்தால் பெரிய எழுத்து படவேண்டும். இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்றில், தாள் சுற்றுகிற றோலரும் அதைத் தாங்குகிற கேரியேஜும் மேலே எழும்பும். மற்றதில் கேரியேஜ் இருந்த இடத்திலேயே இருக்கும், எழுத்துக் கம்பிகள் எல்லாம் பொருந்தியிருக்கிற கூடை கீழே இறங்கும்.

கேரியேஜ் எழும்பும் வகையில் உங்கள் சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் றோலரின் பாரத்தைத் தூக்குகிறது. ஒரு பக்கம் அடிக்கும்போது பெரிதாகத் தெரியாது. நாலைந்து பக்கம் தொடர்ந்து அடித்தால் சுண்டுவிரலிலிருந்து முழங்கை வரைக்கும் இழுக்கும். களைத்த விரல் ஷிப்டை முழுதாக அழுத்தாது. பெரிய எழுத்து அரைவாசி மேலே ஏறி, வரிக்கு மேல் மிதந்தபடி விழும். பொறி பழுது என்று நினைத்து அதைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் உண்டு. பல நேரம் பழுது ஒன்றும் இருக்காது.

ஹேர்மஸ் பேபி கேரியேஜ் எழும்பும் வகை. லெட்டரா 22, லெட்டரா 32 இரண்டும் கூடை இறங்கும் வகை. ஒலிம்பியாவில் கொஞ்சம் கவனம் வேண்டும்: 1950களில் வந்த எஸ்.எம். 3இல் கேரியேஜ் எழும்பும், 1964இல் வந்த எஸ்.எம். 9இல் கூடை இறங்கும். விற்கிறவர் இரண்டையும் ‘ஒலிம்பியா’ என்றுதான் சொல்வார். அமெரிக்காவின் சிமித் கொரோனா ‘ஃப்ளோட்டிங் ஷிப்ட்’ என்று பெருமையாக விளம்பரம் செய்ததும் இந்தக் கூடை வகையைத்தான். வேறு ஏதாவது பெயரில் ஒரு பொறி கையில் கிடைத்தால் ஷிப்டை அழுத்திவிட்டு றோலரைப் பாருங்கள். எழும்பினால் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் தமிழ்ப் பொறியும் வாங்க நினைக்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஷிப்ட் வசனத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான் வேண்டிவரும். தமிழ் விசைப்பலகை அப்படியில்லை. ‘க’வும் ‘கு’வும் ஒரே விசை, ‘கு’ ஷிப்டில். ‘த’வும் ‘து’வும் அப்படியே, ‘ற’வும் ‘று’வும் அப்படியே. ஒற்றைக் கொம்பு சும்மா அடித்தால் வரும், இரட்டைக் கொம்புக்கு ஷிப்ட். ‘நேற்று வந்து போனது’ என்று அடித்துப் பாருங்கள். ‘நே’யின் கொம்புக்கு ஒன்று, ‘று’வுக்கு ஒன்று, ‘வந்து’வின் ‘து’வுக்கு ஒன்று, ‘போ’வின் கொம்புக்கு ஒன்று, கடைசித் ‘து’வுக்கு ஒன்று. மூன்று சொல்லுக்கு ஐந்து தடவை ஷிப்ட். நம் பேச்சில் உகரத்தில் முடிகிற சொல் எத்தனை என்று யோசித்தால் தமிழ்த் தட்டெழுத்தாளரின் சுண்டுவிரல் படுகிற பாடு விளங்கும். ஆங்கிலத்தில் எழுதுகிற ஒருவர் கேரியேஜ் ஷிப்டைப் பெரிதாக எடுக்காமல் விடலாம். தமிழில் நாள் முழுக்க அடிக்கிறவருக்கு அது பெரிய விஷயம்.

சரி, பொறிகளுக்கு வருவோம்.

லெட்டரா 32இன் தகப்பன் லெட்டரா 22. இத்தாலியின் இவ்ரேயா நகரத்து ஒலிவெட்டி கொம்பனிக்காக மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்து 1950இல் வந்தது. உள்ளிருக்கும் இயந்திர வேலை ஜுசெப்பே பெச்சியோவுடையது. 1954இல் இத்தாலியின் கொம்பாசோ தோரோ வடிவமைப்பு விருது அதற்குக் கிடைத்தது. எடை 3.7 கிலோ. விசைப்பலகையில் ஒரேயொரு சிவப்பு விசை இருக்கும், அதுதான் ராப், கேரியேஜைக் குறித்து வைத்த இடத்துக்கு ஒரே தட்டில் கொண்டுபோகிற விசை. 1963இல் வந்த லெட்டரா 32 அதே குடும்பம், அதே நிட்சோலி. உடம்பு சற்றுப் பெருத்து, ஓரங்கள் நேராகி, விசையின் அடி கொஞ்சம் உறுதியாகியிருக்கிறது. இத்தாலியில் மட்டும் செய்யவில்லை. கிளாஸ்கோவிலும் பார்சிலோனாவிலும் செய்தார்கள். பின்பக்கத்தில் பிரித்தானியாவில் செய்தது என்று போட்டிருந்தால் போலி என்று நினைக்க வேண்டாம். எங்கே செய்தது என்பதற்காக விலை கூட்டவும் வேண்டாம்.

லெட்டராவின் பலம் அதன் மெல்லிய, இலகுவான அடி. கணினியில் அடித்துப் பழகிய கை கெதியாகப் பழகிவிடும். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: கணினி விசையை அழுத்துகிறோம், ரைப்ரைட்டர் விசையைத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு விரலை உடனே எடுங்கள். அழுத்திப் பிடித்தால் கம்பி தாளிலேயே நிற்கும், அடுத்த கம்பி வந்து அதில் மோதிச் சிக்கும். புதிதாக வாங்கியவர்கள் ‘எழுத்துகள் கொழுவுது’ என்று சொல்வதில் பாதி இதுதான்.

பலவீனமும் இருக்கிறது. லெட்டராவின் வெளிக்கூடு அலுமினியம், மெல்லியது. ஒருமுறை விழுந்திருந்தால் மூலை உள்ளே போயிருக்கும், அதோடு கேரியேஜ் எங்கேயாவது உரசும். கேரியேஜைத் திருப்பிக் கொண்டுபோகிற நெம்புகோல் மெல்லியது. வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேரியேஜை இடப்பக்கம் இழுக்கிற நூல், அதுதான் சுருள்வில் டப்பாவிலிருந்து வருகிற சின்னக் கயிறு, பழையதாகி அறுந்திருக்கலாம். அறுந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் வலை பின்னுகிறவர்களிடம் இருக்கிற முறுக்கு நைலோன் நூல் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஒற்றை இழைத் தூண்டில் நரம்பு வேண்டாம், அது முடிச்சில் வழுக்கும். ஆனால் அந்தச் சுருள்வில் டப்பாவைத் தெரியாமல் கழற்றக் கூடாது. முறுக்கு ஒரே வீச்சில் அவிழ்ந்து, விரலிலும் அடித்து, வில்லையும் கெடுக்கும்.

லெட்டரா பற்றிப் பேசும்போது விலைக்கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க நாவலாசிரியர் கோர்மக் மக்கார்த்தி பல பத்தாண்டு பாவித்த லெட்டரா 32, 2009 டிசம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 254,500 டொலருக்குப் போனது. அந்தச் செய்தியைக் கைப்பேசியில் காட்டி விலை கேட்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அது அவர் எழுதிய பொறி என்பதற்கான விலை. லெட்டரா 32 ஏராளமாகச் செய்து விற்ற சாமான். அதே மாதிரித்தான் ஒலிவெட்டியின் சிவப்பு வலன்டைனும். 1969இல் எத்தோரே சோத்சாஸும் பெரி கிங்கும் வடிவமைத்தது, பார்க்க வடிவு, சேகரிக்கிறவர்கள் அள்ளிக் கொடுத்து வாங்குவார்கள். உள்ளே இருப்பது லெட்டரா 32இன் இயந்திரமேதான். எழுதுகிறவருக்கு அந்தச் சிவப்புக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஹேர்மஸ் பேபி 1935இல் சுவிற்சர்லாந்தின் பயார் கொம்பனி செய்தது. அந்தக் காலத்தில் இவ்வளவு தட்டையான, இவ்வளவு பாரம் குறைந்த பொறி பெரிய அதிசயம். பிரித்தானியாவில் உரிமம் வாங்கி எம்பயர் அரிஸ்டோகிராட் என்ற பெயரில் செய்தார்கள். அந்தப் பெயரில் ஒன்று கிடைத்தால் அது பேபியின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பையில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு போகலாம். பாகங்கள் குறைவு, அதனால் பழுதாகும் இடமும் குறைவு. திருத்துகிற ஆளாக எனக்கு அது மிகப் பிடித்த பொறி. ஆனால் மூன்று காரணத்தால் உங்களுக்குச் சொல்லத் தயங்குகிறேன். ஷிப்ட் பற்றிச் சொல்லிவிட்டேன். அடி கொஞ்சம் ஆழமில்லாதது, விசைகள் நெருக்கம். பெரிய கைக்காரருக்குப் பக்கத்து விசையும் சேர்ந்து விழும். பெரும்பாலான பேபிகளில் ராப் விசையும் கிடையாது. கதைக்கு அது தேவையில்லைதான், பள்ளிக்கூட அட்டவணை ஏதாவது அடிக்க நினைத்தால் இடைவெளியை எண்ணி எண்ணி அடிக்க வேண்டிவரும்.

ஹேர்மஸில் நல்ல எழுதும் பொறி வேண்டுமென்றால் 1958இல் வந்த ஹேர்மஸ் 3000. உருண்டை உடம்பு, வெளிர் பச்சை நிறம், கூடை இறங்கும் ஷிப்ட். பாரம் அதிகம். நம் பக்கம் கண்ணில் படுவது அரிது, கிடைத்தால் விடாதீர்கள்.

எஸ்.எம். 9 மேற்கு ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் ஒலிம்பியா செய்தது. இதில் ஒரு பக்கம் அடித்த பிறகு லெட்டராவுக்குத் திரும்பினால் வித்தியாசம் உடனே தெரியும். விசை கீழே போகும் தூரம் முழுக்க ஒரே சீரான எதிர்ப்பு. எழுத்து ஒவ்வொன்றும் ஒரே கறுப்பில், ஒரே வரியில் விழும். வேகமாக அடித்தாலும் தடுமாறாது. வீட்டில் இருந்து நாவல் எழுதுகிற ஒருவர் வந்து கேட்டிருந்தால் வேறு பேச்சே இல்லாமல் இதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு நான் இதை இரண்டாவதாக வைப்பது ஒரே காரணத்துக்காக: கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு 40 கிலோமீற்றர் போல, வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில், நின்றுகொண்டு, இரும்புப் பெட்டி மாதிரி இதைக் கையில் பிடித்திருக்க முடியாது. மேலே சாமான் தட்டில் வைத்தால் விழும், காலடியில் வைத்தால் யாராவது ஏறி மிதிப்பார்கள்.

எஸ்.எம். 9 எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். உடம்புக்கூடும் இயந்திரமும் சேருமிடத்தில் றப்பர் வாஷர்கள் இருக்கும். இத்தனை வருடத்தில் அவை இறுகி, நசுங்கிப்போயிருக்கும். அதனால் இயந்திரம் கூட்டுக்குள் கொஞ்சம் இறங்கி, கேரியேஜ் ஓரத்தில் உரசும். இதை ‘கேரியேஜ் இறுக்கம்’ என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வாஷரை அளவாக வெட்டிப் போட்டால் சரியாகிவிடும். இப்படிப்பட்ட பழுது வந்தால் சந்தோசமாக வாங்கலாம்.

வேறு பெயர்கள் கிடைத்தால் சுருக்கமாக: பிரதர், ஜப்பானின் நகோயாவிலிருந்து, முதல் போர்ட்டபிள் 1961இல். எளிமை, மலிவு, பழகுவதற்கு நல்லது. இம்பீரியல் குட் கம்பானியன், இங்கிலாந்தின் லெஸ்டரில் 1932இலிருந்து செய்தது. எத்தனையோ வீடுகளில் தாத்தா காலத்துப் பொறியாக அது இருக்கும். இரும்பு நல்ல இரும்பு, ஆனால் லெஸ்டர் தொழிற்சாலை 1975இல் மூடிவிட்டது. ஒரு பாகம் உடைந்தால் இன்னொரு குட் கம்பானியனைத்தான் உடைக்க வேண்டும்.

இனி உப்பு. இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எங்கள் கரையில் காற்றே உப்பு. மாரியில் மாதக்கணக்கில் ஈரம், வாடைக்காற்று. ஆடியில் கச்சான் வீசினால் தூசி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியில் ஒரு ஜன்னல் கம்பியை இரண்டு வருடம் பூசாமல் விட்டால் என்னாகும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் இரண்டு பேரழிவு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை போன வீடுகளில் எல்லாச் சாமானும் மழையில் ஊறியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடி, கல்லடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையெல்லாம் கடல் ஏறியது. அந்தத் தண்ணீரில் முங்கியெழுந்த பொறியை யாரோ எடுத்துத் துடைத்து, வெளியே பூசி, அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள். வைத்தவருக்கு அது ஞாபகப் பொருள். வருடங்கள் போய் பிள்ளைகள் விற்கும்போது அந்தக் கதை அவர்களுக்கே தெரியாமல் இருக்கும். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் வாங்குகிறவர் கண் திறந்து பார்க்க வேண்டும்.

மழைத்தண்ணீரால் வந்த துருவைத் திருத்தலாம். கடல் தண்ணீர் உள்ளே போன பொறி வேறு. உப்பு சந்துகளுக்குள் தங்கி, ஒவ்வொரு மாரியும் ஈரத்தை இழுத்துத் தன் வேலையைத் தொடரும். நீங்கள் துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டாலும் ஆறு மாதத்தில் மறுபடி வரும். அடையாளம் இவைதான். பொறியைத் திருப்பி, அடித்தட்டு கழன்றால் கழற்றிப் பாருங்கள். அலுமினியம் இருக்கிற இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பெயின்டுக்குக் கீழே குமிழ் குமிழாகக் கிளம்பியிருந்தால் அது உப்பு. லெட்டராவின் கூட்டில் இதை முதலில் தேடுங்கள். ஸ்க்ரூத் தலையின் பள்ளங்களில் துரு இருக்கும், வெளிப்பக்கம் மட்டும் பளபளப்பாக இருக்கும். யாரோ வெளியை மட்டும் தேய்த்திருக்கிறார்கள். அடியில் ஒட்டியிருக்கும் கம்பளித் துணியை விரலால் தடவுங்கள். அதில் மெல்லிய மணல் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். விசையிலிருந்து எழுத்துக் கம்பிக்குப் போகிற மெல்லிய இணைப்புக் கம்பிகளைப் பாருங்கள். அவை மேற்பூச்சாய்த் துருப்பிடித்திருந்தால் துடைக்கலாம். அரித்து மெலிந்திருந்தால் பொறியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள்.

நல்ல பொறி என்று பட்டால் அடித்துப் பார்ப்பது. தாளும், முடிந்தால் கொஞ்சம் ஈரமான புது ரிபனும் உங்களோடு கொண்டுபோங்கள். பழைய ரிபன் காய்ந்திருக்கும், எழுத்து விழாததற்குப் பொறியைக் குறை சொல்வீர்கள். கேரியேஜ் அசையவே இல்லையென்றால் உடனே கைவிட வேண்டாம். பல போர்ட்டபிள்களில் கொண்டுபோகும்போது ஆடாமலிருக்க ஒரு பூட்டு உண்டு. அதைத் திறக்காமல் ‘இறுகிப்போச்சு’ என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கேரியேஜ் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடையில்லாமல் போகிறதா, வரிமுடிவுக்கு முன் மணி அடிக்கிறதா, ஒவ்வோர் அடிக்கும் ஒரே ஒரு படிதான் நகர்கிறதா என்று பாருங்கள். இரண்டு படி பாய்ந்தால் அந்தப் படியைக் கொடுக்கிற பல்சக்கரத்தில் அழுக்கு அல்லது தேய்வு. அழுக்கென்றால் கழுவலாம். எல்லா எழுத்தையும் ஷிப்ட் இல்லாமலும் ஷிப்டோடும் மாற்றி மாற்றி அடியுங்கள். சிறியதும் பெரியதும் ஒரே அடிவரியில் நிற்க வேண்டும். எல்லாப் பெரிய எழுத்தும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால் ஒரு ஸ்க்ரூத் திருப்பத்தில் சரியாகும். ஒன்றிரண்டு எழுத்து மட்டும் சரிந்திருந்தால் அந்தக் கம்பி வளைந்திருக்கிறது.

றோலரில் பெருவிரல் நகத்தை அழுத்துங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும். பெரும்பாலும் பதியாது, றப்பர் கல்லாயிருக்கும். வெளிநாட்டில் றோலருக்குப் புது றப்பர் போட்டுக் கொடுக்கிறார்கள். இங்கே அனுப்பி எடுக்கிற செலவு பொறியின் விலையைத் தாண்டும். தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்து அடியுங்கள். சத்தமும் குறையும், எழுத்தும் தாளை ஓட்டையாக்காது. இறுகிய றோலர் கார்பன் பிரதிக்கு நல்லது என்பதும் உண்மை. நொத்தாரிசுமார் உறுதி ஒன்றை மூன்று பிரதியாக எடுக்க வேண்டும், வாடிக்கையாளருக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று, காணிப் பதிவகத்துக்கு ஒன்று. அவர்களுடைய பெரிய பொறிகளுக்கு இறுகிய றோலர் குறையாகத் தெரிந்ததில்லை. பாவிக்காத நேரத்தில் தாளைத் தளர்த்துகிற நெம்புகோலை முன்னுக்கு விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கீழிருக்கும் சின்ன உருளைகள் ஒரே இடத்தில் நசுங்கித் தட்டையாகி, தாள் கோணலாகப் போகும்.

தமிழ்ப் பொறி பற்றி. தமிழ் ரைப்ரைட்டரை உருவாக்கியவர் நம் நாட்டுக்காரர். ஆர். முத்தையா, 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போனவர். ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்த சைடல் அண்ட் நவ்மன் கொம்பனி அவருடைய விசைப்பலகையில் பொறி செய்து கொடுத்தது. பிஜோ என்ற பெயரிலும் பிறகு எரிகா என்ற பெயரிலும் வந்த போர்ட்டபிள்கள் அந்த வழியில் வந்தவை. அவருடைய பெரிய யோசனை நகரா விசை. அதை அடித்தால் குறி தாளில் விழும், கேரியேஜ் நகராது. புள்ளியை முதலில் அடித்துவிட்டு மெய்யை அடித்தால் இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தும். இகரக் குறியும் அப்படித்தான். இந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் தமிழின் எழுத்து முழுவதும் ஒரு போர்ட்டபிளின் விசைகளுக்குள் அடங்கியிருக்காது.

கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய கை என்றால் தமிழ்ப் பொறி உங்களுக்கு அந்நியமாக இருக்காது. எழுத்துகளின் இடம் பெரும்பாலும் அதே ஒழுங்கு. இங்கே கணினிக்கு வந்த ரெங்கநாதன் விசைப்பலகையும் அந்தப் பழைய தட்டெழுத்து ஒழுங்கிலிருந்து வந்ததுதான். மாற்றிப் பழக வேண்டியது புள்ளியை. கணினியில் எழுத்துக்குப் பின் புள்ளி, பொறியில் எழுத்துக்கு முன்.

தமிழ்ப் பொறி வாங்கும்போது எல்லாவற்றுக்கும் முதல் சோதிக்க வேண்டியதும் அந்த நகரா விசைகளைத்தான். புள்ளியை அடித்தால் கேரியேஜ் அணுவளவும் அசையக் கூடாது. பிறகு ‘க்’, ‘ண்’, ‘ஞ்’ அடித்துப் புள்ளி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ரைப்ரைட்டரில் ‘ண’வுக்கும் ‘ர’வுக்கும் ஒரே அகலம்தான், ‘ண’ ஒடுங்கியும் ‘ர’ தனித்தும் தெரிவது பழுதில்லை. புள்ளி இரண்டு எழுத்துக்கு நடுவில் விழுந்தால் அது பழுது, திருத்துவதற்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். தமிழில் லெட்டராவா எரிகாவா என்று தெரிவு செய்கிற வசதி நமக்கு இல்லை. உப்பில்லாத, நகரா விசை சரியாக வேலை செய்கிற தமிழ்ப் போர்ட்டபிள் எது கிடைத்தாலும் எடுத்துவிடுங்கள், ஷிப்ட் எந்த வகையென்று கூடப் பார்க்காமல். இதில் மட்டும் நான் மேலே சொன்னதை விட்டுக்கொடுப்பேன்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எழுத்துக் கம்பிகள் பொருந்துகிற அரைவட்டத்தின் வெட்டுகளுக்குள் எண்ணெய் விடவே கூடாது. தையல் மெசின் எண்ணெயும் சரி, தேங்காய் எண்ணெயும் சரி. தூசியோடு சேர்ந்து பசையாகி, மாரிக் குளிரில் கம்பி போன இடத்திலேயே நிற்கும். பெயின்ட் கடையில் வாங்குகிற மினரல் டர்பன்டைனைப் பழைய பல்துலக்கியில் தொட்டு, வெட்டுகளுக்குள் தேய்த்து, கம்பிகளை ஆட்டி ஆட்டிக் காயவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாக. தின்னர் வேண்டாம், பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். எண்ணெய் வேண்டிய இடம் கேரியேஜ் ஓடுகிற தண்டவாளம் மட்டும், அதுவும் துணியில் ஒரு துளி தொட்டுத் தடவினால் போதும்.

ரிபன் அரை அங்குல அகலம், இந்த மூன்று பொறிக்கும் அதேதான். கொழும்பு புறக்கோட்டைக்குப் போகும்போது அலுவலகச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். பொறியோடு வந்த பழைய வட்டுகளை எறிய வேண்டாம். புது ரிபனை அவற்றிலேயே சுற்றுங்கள். லெட்டராவில் ரிபன் முடிந்து இழுபட்டதும் அந்த இழுவையே திசையைத் திருப்பிவிடும். பல பொறிகளில் ரிபனின் நுனிக்குக் கிட்ட ஒரு சின்ன உலோகக் கண் இருந்தால்தான் திரும்பும். கண்ணில்லாத ரிபன் வாங்கினால் முடிவில் நின்று ஒரே இடத்தில் அடித்துக் கிழிக்கும்.

மாரி தொடங்கினால் பொறியை அதன் சொந்தப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். சிப் போட்ட பையும் உள்துணியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பஸ்ஸில் கொண்டுபோக மட்டும் பை, வீட்டில் மேசைமேல் ஒரு பருத்தித் துணி மூடி. கிழமைக்கு ஒருமுறையாவது எல்லா விசையையும் தட்டுங்கள். ஓடுகிற பொறி துருப்பிடிக்கிற வேகம் குறைவு.

லெட்டராவைப் பார்க்கப் போகும்போது மேலே சொன்னபடி எல்லா எழுத்தையும் ஷிப்ட் இல்லாமலும் ஷிப்டோடும் ஒரு தாளில் அடித்து, அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். காசு கொடுக்க முதல். தாளைப் பார்த்தால் எது கழுவினால் போகும், எது போகாது என்று சொல்லிவிடலாம்.